மகன் கேமரா மாட்டச் சொன்னால்

போன தை மாதம், ஒரு மதியம். கூடத்து ஊஞ்சலில் சாய்ந்தபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அலமாரி உச்சியிலிருந்து ஒரு குரல்: "அம்மா, மணி ரெண்டாச்சு, இன்னும் சாப்பிடலையா?" கையிலிருந்த டம்ளர் தரையில் உருண்டது. சிங்கப்பூரில் இருக்கும் என் மகன்தான். அங்கே நாலரை மணி. ஆபீஸில் டீ குடிக்கும் நேரத்தில் கேமராவைத் திறந்து என்னைப் பார்த்திருக்கிறான். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி, தினம் ஐம்பது பேருக்கு அட்டெண்டன்ஸ் எடுத்தவள் நான். இப்போது நான் சோற்றில் கை வைத்தேனா என்பதற்கு எனக்கே ஒருத்தன் அட்டெண்டன்ஸ் எடுக்கிறான்.

பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் வயசானவர்கள் மட்டும்தான். பிள்ளைகள் திருப்பூர், சென்னை, துபாய், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். பொங்கலுக்கு வருகிறவர்கள் கரும்போடு ஒரு கேமராவும் வாங்கி வருகிறார்கள். போகிற அவசரத்தில் மாட்டிவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். அதற்கப்புறம் அதோடு குடித்தனம் நடத்துவது நாம். அதனால், மாட்டுவதற்கு முன்னும் பின்னும் என்ன செய்யலாம் என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். பெற்றோரும் படிக்கலாம், பிள்ளைகளும் படிக்கலாம்.

முதலில் ஒரு காகிதம் எடுங்கள்

பிள்ளையும் நீங்களும் உட்கார்ந்து, எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று எழுதுங்கள். நாங்கள் டம்ளர் விழுந்த மறுநாள் போனிலேயே எழுதினோம். அவன் சொன்னது மூன்று: அம்மா கீழே விழுந்துவிட்டால்? திருடன் வந்தால்? போன் எடுக்காவிட்டால்? நான் சொன்னது ஒன்று: மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டி வழிகிறது.

இப்போது ஒவ்வொன்றாகக் கேளுங்கள், இதற்குக் கேமரா பதிலா? வயசானவர்கள் வழுக்கி விழுவது பல நேரம் குளியலறையில், அல்லது ராத்திரி கொல்லைப்பக்கம் போகும் வழியில். குளியலறையில் கேமரா வைக்க முடியாது. ஆக, கூடத்தில் இருக்கும் கேமரா நான் விழுவதைப் பார்க்கப் போவதில்லை, நான் ஊஞ்சலாடுவதைத்தான் பார்க்கும். விழுவதற்கு மருந்து வேறு. குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, சொரசொரப்பான தரை, ஆள் நடந்தால் தானே எரியும் சென்சார் விளக்கு. இந்த விளக்குக்கு இன்டர்நெட் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். நம் உடம்புச் சூடு நகர்வதை உணர்ந்து எரிகிறது, அவ்வளவுதான். யாரிடமும் போய்ச் சொல்லாது.

போன் எடுக்காத பிரச்சினைக்கு நாங்கள் போட்டது எட்டு மணி ஒப்பந்தம். காலை எட்டுக்குள் வாட்ஸ்அப்பில் நான் ஒரு குரல் செய்தி அனுப்ப வேண்டும். "எழுந்தாச்சு, காபி ஆச்சு" என்றால் போதும். வரவில்லை என்றால் அவன் போன் செய்வான். எடுக்காவிட்டால் எதிர்வீட்டுக்குப் போன் செய்வான். அங்கேயும் எடுக்காவிட்டால்தான் கேமராவைத் திறக்கலாம். ஒரு வருஷமாக ஒரே ஒரு நாள்தான் மூன்றாவது படி வரை போனது. அன்று நானும் எதிர்வீட்டு அக்காவும் சுவாமிமலைக்குப் போயிருந்தோம், போனை இரண்டு பேருமே வீட்டில் வைத்துவிட்டு.

தொட்டி வழிவதற்கு ஒரு வாட்டர் லெவல் கன்ட்ரோலர் போட்டேன். தண்ணீர் மேல்மட்டத்தைத் தொட்டால் மோட்டார் தானே நிற்கும். இதற்கும் வைஃபை வேண்டாம். மகன் முதலில் ஸ்மார்ட் பிளக் வாங்கலாம் என்றான். அதில் ஒரு சங்கதி இருக்கிறது. அரைக் குதிரைச் சக்தி மோட்டார் ஓடும்போது மூன்று நான்கு ஆம்பியர்தான் இழுக்கும். ஆனால் கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் 6 ஆம்பியர், 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் மோட்டாரைக் கோத்தால் உள்ளே கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் ரிலே என்ற குட்டி சுவிட்ச் கருகிப்போகும், அல்லது ஒட்டிக்கொண்டு மோட்டார் நிற்கவே நிற்காது. மேஜை விளக்குக்கும் கொசுவர்த்தி மெஷினுக்கும் அது சரி.

ஆக நாலு பயத்தில் கேமரா மிச்சமானது திருடனுக்கு மட்டும். திருடன் வாசல் வழியாகவோ கொல்லை வழியாகவோதான் வருவான். கூடத்தில் முளைக்க மாட்டான்.

எங்கே மாட்டுவது

கேமரா கூடத்தில் இருந்த இரண்டு மாதத்தில் நான் இழந்தது என்ன என்று சொல்கிறேன். எதிர்வீட்டு அக்கா தினம் சாயங்காலம் வருவார். மருமகளோடு சண்டை, நகைக்கடன், முட்டிவலி, எல்லாம் என்னிடம்தான். கேமரா வந்த பிறகு வாசற்படியிலேயே நின்றார். "டீச்சர், அது இப்ப பார்க்குதா?" என்றார். "தெரியலையே" என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது. அப்புறம் நாங்கள் கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பேசினோம். மழை வந்த நாட்களில் அவர் வரவே இல்லை. என் பையனுக்கு என் வீட்டைப் பார்க்க நான் அனுமதி கொடுக்கலாம். அவருடைய கண்ணீரைப் பார்க்க நான் எப்படிக் கொடுப்பது? பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணுக்கும் இதேதான். கேமரா இருக்கிறது, இந்த இடத்தில் இருக்கிறது, இன்னார் பார்ப்பார்கள் என்று வேலைக்கு வரும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இப்போது கேமரா ரேழியில் இருக்கிறது, முகம் வாசல் பக்கம். படியேறி வருகிறவர் தெரிவார். கூடமும் சமையலறையும் தெரியாது.

கொல்லைப்பக்கம் மாட்டும்போது இன்னும் கவனம் வேண்டும். நம் ஊர் வீடுகளில் கொல்லைச் சுவர் இடுப்பளவுதான். உயரத்தில் ஒரு கேமரா வைத்தால் பக்கத்து வீட்டுக் கிணற்றடி அப்படியே தெரியும். அங்கே பெண்கள் குளிப்பார்கள். ஆற்றங்கரை வீடுகளில் படித்துறையே விழும். வேண்டுமென்று செய்யாவிட்டாலும் இது விளையாட்டுக் காரியம் இல்லை. பெண்ணின் அந்தரங்கத்தை அவள் சம்மதமில்லாமல் பார்ப்பதும் படமெடுப்பதும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவும் இருக்கிறது, மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்காதீர்கள். ஒருவர் தன் சொந்த வீட்டு உபயோகத்துக்குச் செய்வதை அந்தச் சட்டம் தொடுவதில்லை. அக்கம்பக்கத்தை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வழி சுலபம். கேமராவைத் தாழ்த்தி, கொல்லைக் கதவை மட்டும் பார்க்கும்படி திருப்புங்கள். அப்படியும் பக்கத்து இடம் விழுந்தால், பல கேமராச் செயலிகளில் 'ப்ரைவசி ஸோன்' என்று ஒன்று இருக்கும். அதில் அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைக்கலாம். முடித்ததும் பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுப் போனில் காட்டுங்கள். நான் காட்டினேன். "கறுப்பா இருக்கே, கெட்டுப்போச்சா?" என்றார் ஒருவர். இல்லை, அந்தக் கறுப்பு உங்கள் வீடு என்றேன்.

யார் பேரில் பதிவு

பலரும் கோட்டை விடும் இடம் இது. கேமராவை முதலில் எந்தப் போனில், எந்த மெயிலில் பதிகிறோமோ அவர்தான் அதற்கு முதலாளி. மற்றவர்கள் எல்லாம் அவர் பகிர்ந்து கொடுத்த விருந்தாளிகள். எங்கள் வீட்டில் மாட்ட வந்த தம்பி என் பழைய மாணவன். நல்ல பையன். சோதித்துப் பார்க்கத் தன் போனிலேயே பதிந்து, என் மகனுக்குப் பகிர்ந்து, மறந்துவிட்டுப் போய்விட்டான். ஐந்து வாரம் என் கூடத்தின் முதலாளி அவன்தான். சொன்னபோது அவனே பதறிப்போனான்.

ஆகவே வீட்டில் இருப்பவர் பேரில், அவர் மெயிலில், அவர் போனில் பதியுங்கள். பிறகு 'ஷேர் டிவைஸ்' என்ற இடத்தில் பிள்ளைக்குக் கொடுங்கள். சில செயலிகளில் பார்க்க மட்டும், பேச மட்டும் என்று பிரித்துக் கொடுக்கலாம். நான் பேசும் உரிமையைப் பிடுங்கிவிட்டேன். பேச வேண்டுமென்றால் போன் செய்யட்டும், மணி அடிக்கும், நான் எடுப்பேன். மாட்டியவர் கிளம்பும் முன் பகிர்வுப் பட்டியலைத் திறந்து, யார் யார் பெயர் இருக்கிறது என்று அவர் முன்னாலேயே பாருங்கள். அதில் தயக்கம் வேண்டாம். கொத்தனார் போன பிறகு சாவியை எண்ணுவதில்லையா?

அடுத்தது பாஸ்வேர்டு. 2016இல் மிராய் என்றொரு நச்சு நிரல் உலகைக் கலக்கியது. பெரிய வித்தை எதுவும் அதனிடம் இல்லை. 'அட்மின் - அட்மின்' மாதிரி கம்பெனியே போட்டுக் கொடுத்த பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது சொச்சத்தை வைத்துக்கொண்டு, ஊர் ஊராகக் கேமராக்களையும் ரூட்டர்களையும் தட்டிப் பார்த்தது. மாற்றாதவர்கள் வீடெல்லாம் திறந்துகொண்டது. அப்படிப் பிடித்த ஏராளமான கருவிகளைச் சேர்த்துத்தான் அந்த வருஷம் அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் திறக்கவிடாமல் அடித்தார்கள். ஒரு வீட்டுக் கேமரா தன் முதலாளிக்கே தெரியாமல் அடியாள் வேலை பார்த்தது.

எங்கள் தெருவில் ஃபைபர் இணைப்பு கொடுத்தவர் எல்லா வீட்டுக்கும் அந்தந்த வீட்டு போன் நம்பரையே வைஃபை பாஸ்வேர்டாக வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகையில் அச்சிடும் நம்பர்! கேமராவுக்கு, ரூட்டருக்கு, மெயிலுக்கு மூன்றும் வேறு வேறாக மாற்றுங்கள். நீளமாக வையுங்கள். எனக்கு உதவுவது சொற்கோவை: நாலு சம்பந்தமில்லாத தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து நடுவில் ஒரு எண். நோட்டில் எழுதி பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதக் கூடாது என்பார்கள். பீரோவைத் திறக்கிற திருடனுக்கு வைஃபை தேவைப்படாது. செயலியில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் வசதி, இருந்தால் அதையும் போடுங்கள். ரூட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்ற விருந்தாளிகளுக்கான தனி வைஃபை இருந்தால் கேமரா, பல்பு எல்லாவற்றையும் அதில் தள்ளிவிடுங்கள். வங்கிக் கணக்குப் பார்க்கும் போன் தனி வைஃபையில் இருக்கட்டும். மலிவு விலைக் கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும், 5 கிகாஹெர்ட்ஸில் சேராது என்பதை நினைவில் வையுங்கள். இது தெரியாமல் நான் ஒரு பகல் முழுக்க அந்தக் கேமராவோடு மல்லுக்கட்டினேன்.

பதிவு எங்கே தங்குகிறது

இரண்டு வழி. கேமராவுக்குள்ளேயே மெமரி கார்டு போடலாம், அல்லது மாதாமாதம் பணம் கட்டி கம்பெனியின் கிளவுடில் வைக்கலாம். கார்டு நிரம்பினால் பழசை அழித்துப் புதுசை எழுதும். என் 64 ஜிபி கார்டில் ஐந்தாறு நாள் தங்குகிறது. அது எனக்குப் போதும். கிளவுடில் ஒரு லாபம் உண்டு, திருடன் கேமராவையே பிடுங்கிக்கொண்டு போனாலும் பதிவு பிழைக்கும். ஆனால் நம் வீட்டுப் படம் வேறொருவர் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. அமேசானுக்குச் சொந்தமான ரிங் என்ற கேமரா கம்பெனியில், ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் வீட்டு வீடியோக்களைப் பார்க்க விடப்பட்டிருந்தார்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2023 மே மாதம் 58 லட்சம் டாலர் கட்ட அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது. நான் கார்டோடு நின்றுவிட்டேன்.

கடைசியாக, இருப்பதிலேயே முக்கியமானது. கேமராவுக்கு மின்சாரம் போகும் சுவிட்ச் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். செயலியில் 'ப்ரைவசி மோடு' இருக்கிறதே என்பார்கள். அதை இங்கிருந்து போடலாம், சிங்கப்பூரிலிருந்து எடுக்கவும் செய்யலாம். சுவிட்சை மட்டும் இங்கிருந்துதான் போட முடியும், இங்கிருந்துதான் அணைக்க முடியும்.

பேசும் ஸ்பீக்கர்

மகள் வாங்கி வந்தாள். பாட்டுப் போடும், மாத்திரை நேரம் சொல்லும். நல்லதுதான், கண் மங்கியவர்களுக்குப் பெரிய உதவி. என் ஸ்பீக்கருக்குத் தமிழ் புரியாது என்ற தைரியத்தில் இருந்தேன். ஒருநாள் செயலியில் பழைய பதிவுகளைத் திறந்தால், பால்காரரிடம் நான் கணக்குப் பேசியது இருக்கிறது. டிவி சீரியலில் யாரோ ஏதோ சொன்னதைத் தன் பெயர் என்று நினைத்து விழித்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் புரியாவிட்டால் என்ன, பதிவு பதிவுதானே.

இப்படிப்பட்ட ஸ்பீக்கர்கள் தங்கள் பெயரைக் கேட்கும் வரை உள்ளுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கும். பெயர் விழுந்தவுடன் அதற்கப்புறம் பேசுவது கம்பெனிக்குப் போகும். அமேசான் எக்கோ என்றால் அலெக்சா செயலியில் 'மோர்', பிறகு 'அலெக்சா ப்ரைவசி'. அங்கே பழைய பதிவுகளைக் கேட்கலாம், அழிக்கலாம், இனி சேமிக்காதே என்றும் சொல்லலாம். சேமிக்காதே என்பதற்கு அனுப்பாதே என்று பொருள் இல்லை. அனுப்பாமலே வைத்துக்கொள்ளும் வசதி சில எக்கோக்களில் இருந்தது, 2025 மார்ச் 28 முதல் அதை எடுத்துவிட்டார்கள். கூகுள் ஸ்பீக்கர் என்றால் கூகுள் கணக்கின் செயல்பாட்டுப் பக்கத்தில் தானாக அழிக்கும் கால அளவு வைக்கலாம். எதுவானாலும் மைக்கை அணைக்கும் பொத்தானோ சுவிட்சோ உடம்பிலேயே இருக்கும். எக்கோவில் அணைத்தால் சிவப்பு விளக்கு எரியும். வீட்டுக்கு ஆள் வந்தால் நான் முதலில் அதை அழுத்திவிட்டுத்தான் காபி போடப் போவேன்.

வயல் மோட்டாருக்கு போன் ஸ்டார்ட்டர்

இதை மட்டும் வாய்நிறையப் பாராட்டுவேன். எங்கள் நிலத்தைக் குத்தகைக்குச் செய்பவர், குறுவைக்கு நாற்று விட்ட நாளில் மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் ஓடுவார். பாம்பு, சேறு, மழை. இப்போது படுத்த இடத்திலிருந்து ஒரு போன் கால். ஸ்டார்ட்டருக்குள் ஒரு சிம் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது.

கவனிக்க வேண்டியது இரண்டு. ஸ்டார்ட்டர் எந்தெந்த நம்பரின் பேச்சைக் கேட்கும் என்று ஒரு பட்டியல் இருக்கும், அதில் தலைமை நம்பர் ஒன்று. மாட்டியவர் நம்பரே தலைமையாக நின்றுவிடுவது உண்டு. அதை மாற்றி, பட்டியலில் இல்லாத நம்பரை மதிக்காதபடி பூட்டுங்கள். பூட்டாவிட்டால் அந்த சிம் நம்பர் தெரிந்த யாரும் உங்கள் மோட்டாரை ஓட்டலாம். இரண்டாவது, சிம்முக்கு ரீசார்ஜ் தீர்ந்தால் ஸ்டார்ட்டர் ஊமையாகிவிடும். காலண்டரில் குறித்துவையுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் தானே நிற்கும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். போனில் ஓட்டுகிறவருக்கு, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கண்ணால் தெரியாதே.

கரண்ட் போனால்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது டெல்டாவில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று நினைத்துப் பாருங்கள். கரண்ட் இல்லை, டவர் இல்லை. அன்று கையால் திருகும் தாழ்ப்பாள் வேலை செய்தது. அதனால் விளக்கோ, விசிறியோ, பூட்டோ, செயலி இல்லாமல் கையாலும் இயங்குகிறதா என்று கடைக்காரரிடம் கேட்டே வாங்குங்கள். பழைய சுவிட்சை எடுக்காமல் அதன் பின்னால் வைக்கும் மாட்யூல்கள் இருக்கின்றன, அவை நல்லவை. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு, கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர் வேண்டும். பழைய வீடுகளில், பிளக் பாயின்ட் இல்லாத சுவிட்ச் போர்டுக்கு நியூட்ரல் வந்திருக்காது. வாங்கும் முன் ஒயர்மேனைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஐப்பசி இடிக்கு ரூட்டர் அடாப்டரைப் பிடுங்கி வைக்கும் பழக்கம் எப்படியும் உங்களுக்கு இருக்கும்.

கம்பெனி கடையை மூடினாலும் இதே கதைதான். 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற கம்பெனி சொல்லாமல் கொள்ளாமல் சர்வரை நிறுத்தியது. செயலி செத்துப்போனது, சுவரில் இருந்த சுவிட்ச் மட்டும் வேலை செய்தது.

பழசைத் தூக்கிப்போடும்போது

அப்படியே காயலான் கடைக்குப் போடாதீர்கள். மெமரி கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். செயலியில் அந்தக் கருவியை நீக்குங்கள், பிறகு கேமராவில் ரீசெட் துளையை ஊக்கால் பத்து நொடி அழுத்துங்கள். இல்லையென்றால் உங்கள் வைஃபை பாஸ்வேர்டு அதற்குள்ளேயே போகும்.

கூடத்தில் இருந்த முதல் கேமராவை அப்படிச் செய்த பிறகு, திருப்புளி வைத்துக் கழற்றினேன். உள்ளே சுண்டைக்காய் அளவில் ஒரு லென்ஸ். அதைப் போன் கேமரா மேல் ஒட்டி, லீவுக்கு வந்த பேத்திக்கு நெல்லுப் பூவைக் காட்டினேன். பூவென்று சொல்லும் அளவுக்கு ஒன்றும் இருக்காது, காலையில் கொஞ்ச நேரம் உமி திறந்து மஞ்சளாக ஆறு மகரந்தத் தூள்பை தொங்கும். அவள் மூச்சு விடாமல் பார்த்தாள்.